கனகேஸ்வரியின் துவக்கும் நான் அறுத்த மூன்று சென்றிமீற்றரும்

கனகேஸ்வரிக்கு நான் அறுநூற்று நாற்பது யூரோ கடன்பட்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதினான்கு வருஷம்.

இப்படி ஒரு கடன் எனக்கு இருந்தது என்று கேட்டால் பலெர்மோ நகரத்தின் சீசாப் பகுதியில் பலர் நம்பமாட்டார்கள். இங்கே எனக்குச் சொந்தமாகத் தையற்கூடம் இருக்கிறது. சோபா, மோட்டார்சைக்கிள் சீற்று, கோயிலில் முழந்தாளிடுகிற பலகைக்கு மெத்தை, எது வந்தாலும் தோலும் றெக்சினும் போட்டுத் தைத்துக் கொடுப்பேன். மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு பலெர்மோவில் இரண்டு இத்தாலியர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறேன். கிறிகோரி தைத்த சீற்று என்றால் வண்டி இற்றுப் போனாலும் சீற்று இருக்கும். இதை நானே சொல்வது சரியில்லை என்று என் மனைவி எமிலியானா சொல்லுவாள். வேறு யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் கூடத்துக்கு முதன்முதலில் வந்த மெசின், தடித்த தோல் தைக்கிற மெசின், கனகேஸ்வரியின் காசில் வந்தது. நான் வேலை பார்த்த தளபாடக் கடையை முதலாளி ஒரே நாளில் இழுத்து மூடிவிட்டார். வங்கிக்குப் போனால் என் வதிவிட அனுமதியை, பெர்மெசோவை, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போய் வா என்றார்கள். கனகேஸ்வரி நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரீன் தோடம்பழத் தோட்டத்தில் கணவனோடு கூலி வேலை செய்துகொண்டிருந்தாள். பழம் போடுகிற வலைப்பைக்குள் சில்லறை நோட்டாக அறுநூற்று நாற்பதைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக என் கையில் எண்ணி வைத்துவிட்டுப் போனாள். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை.

அதற்குப் பிறகு ஆறு தடவை திருப்பிக் கொடுக்கப் போனேன். ஆறு தடவையும் ஒரே பதில்.

"இப்ப தேவையில்லை அண்ணை. தேவைப்படேக்கை கேப்பன்."

அந்தக் காசை அவள் வாங்கியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். வாங்கவில்லை. கலியாண வீடுகளில் நான் எப்படி ஒருவருடைய உதவியும் இல்லாமல் முன்னுக்கு வந்தேன் என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். அடுத்த மேசையிலிருந்து அவளுடைய குரல் வரும்.

"ஓம் ஓம். மெசின் மட்டும் வானத்திலை இருந்து விழுந்தது."

மண்டபமே சிரிக்கும்.

கனகேஸ்வரி வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் பிறந்தவள். தகப்பனுக்கு நாலு பெண் பிள்ளைகள், ஆண் பிள்ளை இல்லை. வயலுக்குப் பன்றி வரும் காலத்தில் இரண்டாவது மகளான இவள்தான் தகப்பனோடு காவலுக்குப் போவாளாம். 2003இல் கணவன் பாலசுந்தரத்திடம் இங்கே வந்து சேர்ந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்பு பாலசுந்தரம் மாரடைப்பில் போனார். ஒரு பெண் தனியே என்ன செய்வாள் என்று ஊர் கதைத்தது. இவள் தோட்டச் சொந்தக்காரி சின்யோராவிடம் நேரே போய், இருநூற்றுப் பத்து மரத்தையும் குத்தகைக்கு எடுத்தாள். கொப்பு வெட்டுவதும் மருந்து அடிப்பதும் மூன்று சக்கர லாப்பாவில் பெட்டி ஏற்றிச் சந்தைக்குப் போவதும் எல்லாம் தானேதான். அவளுடைய பழம் பிந்திப் பழுக்கிறது, பெப்ரவரி, மார்ச்சில் வருகிறது. தோலை உரித்தால் அடுத்த அறைக்கு மணக்கும்.

அந்த மணம் மலையில் இருந்த பன்றிகளுக்கும் எட்டியது. மூன்று வருஷமாகக் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்தன. வேரைக் கிண்டின, தண்ணீர்க் குழாயைக் கடித்தன, தாழ்ந்த கொப்புகளை இழுத்து முறித்தன. சென்ற பருவத்தில் மட்டும் இருநூறு பெட்டிப் பழம் போனது. கனகேஸ்வரி கம்பி கட்டினாள். மனுஷ வாடைக்கு ஓடும் என்று சிகையலங்காரக் கடையில் மயிர் வாங்கிச் சிறு பைகளில் தொங்கவிட்டாள். இரவு முழுக்க றேடியோ போட்டுவைத்தாள். பன்றிகள் றேடியோவுக்குப் பக்கத்திலேயே படுத்துப் பாட்டுக் கேட்டன.

சின்யோராவுக்கு எண்பது வயது, பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை. "டிசம்பரில் குத்தகை முடிகிறது. என் கணவர் இருந்தபோது துவக்கோடு காவல் நின்றார். இப்போது அதற்குப் படிப்பும் பத்திரமும் சுடுகிற சோதனையும் உண்டு. நீ அதில் தேறினால் இன்னும் ஆறு வருஷம் தோட்டம் உன்னுடையது. தேறாவிட்டால் என் உறவுக்காரன் ஒருவன் கேட்கிறான், அவனுக்குக் கொடுப்பேன். அவனிடம் நாயும் இருக்கிறது, துவக்கும் இருக்கிறது," என்றார்.

ஐம்பத்தாறு வயதில் கனகேஸ்வரி இத்தாலிய மொழியில் வகுப்புக்குப் போனாள். எழுத்துச் சோதனையில் முதல் தடவையே தேறினாள். பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்கு நடந்து நடந்து துவக்குக்கு உரிய பத்திரம் எடுத்தாள். சின்யோராவின் காலஞ்சென்ற கணவருடைய வேட்டை றைபிளை முறைப்படி தன் பெயருக்கு மாற்றினாள். மான், பன்றி எல்லாவற்றையும் ஒரே வெடியில் விழுத்துகிற பெரிய றைபிள் அது. ஆனால் சுடுகிற சோதனையில் நூறு மீற்றரிலிருந்து ஐந்து வெடி வைத்து, நாலு வெடி தேநீர்க் கோப்பையின் தட்டளவு வட்டத்துக்குள் விழவேண்டும். செப்டெம்பரில் அவளுக்கு விழுந்தது ஒன்று. நவம்பரில் இன்னொரு தடவை வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். குத்தகை முடிவதற்குள் அதுதான் கடைசிச் சோதனை.

இது ஒன்றும் எனக்குத் தெரியாது. லாப்பாவின் கிழிந்த சீற்றைத் தைக்கக் கொண்டுவந்தவளின் சட்டைக் கை மேலே ஏறியிருந்ததை எமிலியானா தற்செயலாகப் பார்த்துவிட்டாள். மேற்கை முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் கண்டிப் போயிருந்தது.

"ஐயோ மச்சாள், ஆர் அடிச்சது?"

"துவக்கு."

"துவக்கோ? உங்களுக்கென்ன விசரோ?"

கனகேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். "நான் குறி பாக்கிறது சரிதான் மச்சாள். அது உதைக்கிற உதையிலை எல்லாம் எங்கையோ போகுது. ஒரு வெடி வைச்சால் அடுத்த வெடிக்குப் பயமாக் கிடக்கு."

நான் மெசினை நிற்பாட்டினேன். "உதையோ பிரச்சினை? உதை எண்டால் மெத்தை. மெத்தை எண்டால் நான்."

அன்றைக்கே மோட்டார்சைக்கிள் சீற்றுக்குப் போடுகிற மெத்தையில் இரண்டங்குலத் தடிப்பு வெட்டி, கறுப்புத் தோலில் உறை தைத்து, துவக்கின் பிடங்குக்கு மாட்டுகிற மாதிரிக் கொடுத்தேன். தோளில் வைக்கிற கட்டைப் பகுதியைத்தான் பிடங்கு என்கிறோம். தையல் அவ்வளவு அழகு. அடுத்த சனிக்கிழமை என் வேலையின் வெற்றியைப் பார்க்க நானும் லாப்பாவில் ஏறிக் கூடவே போனேன். சுடுகிற இடம் ஊருக்கு வெளியே மலைப்பக்கம். அதை நடத்துகிறவர் கலோஜெரோ, வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கனகேஸ்வரி ஐந்து வெடி வைத்தாள். நாலு ஓட்டை வட்டத்துக்கு வெளியே. ஐந்தாவது கடதாசியிலேயே இல்லை.

"அண்ணை, நல்ல வடிவான சீற்று. இதிலை ஏறி ஓடலாம், சுடத்தான் ஏலாது," என்றாள் கனகேஸ்வரி.

கலோஜெரோ சிரிக்கவில்லை, அது பெரிய மனுஷத்தனம். அவளைத் துவக்கைத் தோளில் வைக்கச் சொல்லி என்னைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொன்னார். "இந்தக் கட்டை ஆறடி மனிதனுக்குச் செய்தது. இவள் எட்டி எட்டிப் பிடிக்கிறாள். அதனால் பிடங்கு தோளில் நில்லாமல் கையில் நிற்கிறது. நீ மெத்தை வைத்து அதை இன்னும் நீட்டியிருக்கிறாய்," என்றார்.

முப்பது வருஷமாக அளவு எடுக்காமல் ஒரு துணியிலும் கத்தரி வைக்காதவன் நான். ஒரு மனுஷிக்கு அளவெடுக்காமல் வேலை செய்துவிட்டேன். என் வாழ்க்கையில் இப்படி நடந்தது இந்த ஒரு தடவைதான். எமிலியானா வேறு கணக்குச் சொல்லுவாள், அதை விடுங்கள்.

திங்கட்கிழமை கனகேஸ்வரி படுக்கைவிரிப்பில் சுற்றி எதையோ கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இரும்புப் பகுதியைக் கழற்றி வீட்டில் பூட்டிவிட்டு, மரக்கட்டையை மட்டும் கொண்டுவந்திருந்தாள். சட்டம் படித்தவள் அல்லவா! நான் ரவிக்கைக்கு அளவெடுக்கிற நாடாவை எடுத்தேன். கையை முழங்கையில் மடிக்கச் சொல்லி, மடிப்பில் பிடங்கை வைத்து, விரல் விசை இருக்கவேண்டிய இடத்தைத் தொடுகிறதா என்று பார்த்தேன். ஒன்றரைச் சென்றிமீற்றர் எட்டவில்லை. பிறகு போடப்போகிற உறையின் தடிப்பையும் சேர்த்தால் மூன்று.

"மூண்டு சென்றிமீற்றர் அறுக்கவேணும் தங்கச்சி."

"சின்யோரான்ர மரம் அண்ணை. அறுத்தால் திரும்ப முளைக்காது." அவள் சின்யோராவுக்குப் போன் எடுத்தாள். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வைத்தாள். "அறுக்கட்டாம். அது அவான்ர மனுசனுக்கும் நீளம்தானாம். சாகிற வரைக்கும் ஒத்துக்கொள்ளேல்லையாம்."

மரம் சிலும்பாமல் இருக்க வெட்டுகிற கோட்டில் ஒட்டுநாடாவைச் சுற்றி, மெல்லிய பல் வாளால் அறுத்தேன். இந்தத் தடவை பஞ்சு மெத்தை இல்லை. சப்பாத்து அடிக்குப் போடுகிற இறுக்கமான றபரில் ஒரு விரல் தடிப்பு. மேல் விளிம்பைச் சட்டையில் கொழுவாமல் உருட்டி, தோல் போர்த்தி ஒட்டினேன். அறுத்த துண்டு வீண்போகாமல் இருக்க எமிலியானா அதைக் கதவுக்கு ஆப்பு வைத்தாள்.

பிடிக்கிற முறையைக் கலோஜெரோ சொல்லிக் கொடுத்தார். தோளுக்கும் காறை எலும்புக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிடங்கை அதற்குள் வைத்துப் பின்பக்கமாக இறுக்கி இழுக்கவேண்டும். இடைவெளி விட்டால் அது ஓடி வந்து அடிக்கும். ஒட்டி இருந்தால் தள்ளத்தான் செய்யும். கன்னம் மரத்தில் படியவேண்டும். உடம்பு கொஞ்சம் முன்னுக்குச் சாயவேண்டும். "நின்றுபோன லாப்பாவைத் தள்ளுகிற மாதிரி நில்," என்றார். அது அவளுக்கு உடனே விளங்கியது, அந்த லாப்பா வாரத்துக்கு இரண்டு தடவை நிற்கும். வெடிச்சத்தம்தான் பாதி உதை என்று சொல்லி, காதுக்குள் ஒரு அடைப்பும் அதற்கு மேலே மூடியும் போடவைத்தார். ஒரு நாளைக்குப் பத்து வெடி, அதற்கு மேல் தொடக்கூடாது. களைத்த தோள் பயத்தைப் படித்துக்கொள்ளும் என்றார்.

அடுத்த சனிக்கிழமை தோள் நோகவில்லை. என் றபரின் மகிமை! ஆனால் ஐந்து வெடியில் உள்ளே விழுந்தது இரண்டுதான். மூன்று கீழே போயிருந்தன. சோதனைக்கு நாலு கிழமைதான் இருந்தது.

கனகேஸ்வரி தொப்பியைக் கழற்றினாள். "விடுங்கோ அண்ணை. நான் திரும்ப ஆற்றையும் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறன்." சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் தோட்டப் பக்கமாகப் பார்த்துச் சொன்னாள்.

கலோஜெரோ விடவில்லை. இந்தத் தடவை ரவைகளை நானே போடுகிறேன் என்று துவக்கை வாங்கினார். அவள் குறி பார்த்தாள், விசையை இழுத்தாள். வெடி வரவில்லை. "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும். மருந்தில்லாத வெறும் ரவை ஒன்றை அவளுக்குத் தெரியாமல் போட்டிருக்கிறார்.

அந்த "டிக்" சத்தத்தில் நாங்கள் கண்டதைச் சொல்கிறேன். துவக்கு உதைக்கவே இல்லை. ஆனாலும் குழலின் வாய் ஒரு சாண் கீழே குனிந்தது. கனகேஸ்வரியின் முகம் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பியிருந்தது. கண் இரண்டும் இறுக்க மூடியிருந்தன. குலுக்கின சோடாப் போத்தலைத் திறக்கிறவள் மாதிரி நின்றாள்.

"ஏன் முகத்தைத் திருப்புகிறாய், கனாகா?" என்றார் கலோஜெரோ. முழுப் பெயர் அவருக்கு வாயில் நுழையாது.

"நான் எங்கை திருப்பினனான்?" என்றவள், தன் நாடி தோளோடு ஒட்டிக் கிடப்பதை அப்போதுதான் கண்டாள். பிறகு துவக்கை மேசையில் பத்திரமாக வைத்துவிட்டு, நிலத்தில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இடியன் அண்ணை! இது அப்புன்ர இடியன்!"

வன்னியில் வயல்காவலுக்கு வைத்திருந்த துவக்குக்கு இடியன் என்று பெயர். மருந்தையும் சன்னத்தையும் வாய்ப்பக்கமாகப் போட்டு இடித்து இறுக்குகிற பழைய சாமான். விசை அடிக்கும்போது பக்கவாட்டில் நெருப்புப் பறக்கும். கண் பறிபோனவர்களும் உண்டு. அதனால் விசையை இழுக்கிற அதே நேரத்தில் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடவேண்டும். பத்து வயதில் தகப்பன் அதைத்தான் பழக்கியிருக்கிறார். "மருந்து பத்தேக்கை முகத்தைத் திருப்பு பிள்ளை. கண்தான் முக்கியம், பண்டி நாளைக்கும் வரும்" என்பாராம். தகப்பன் போய், ஊர் போய், நாற்பத்தாறு வருஷமும் போய்விட்டது. உடம்பு மட்டும் இன்னும் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நான் என் இத்தாலியனில் கலோஜெரோவுக்கு விளக்கினேன். அவர் மிகவும் அக்கறையாகக் கேட்டுவிட்டு, "அப்படிச் சுட்டு எத்தனை பன்றி விழுந்தது?" என்றார்.

"பண்டிக்கு ஒண்டும் நடக்கேல்லை," என்றாள் கனகேஸ்வரி. "சத்தத்துக்கு ஓடினதுதான்."

நோய் தெரிந்துவிட்டது. மருந்துக்குக் கலோஜெரோ இரண்டு வழி சொன்னார். ஒன்று, வெறும் ரவையையும் நல்ல ரவையையும் கலந்து போடுவது. எது வரும் என்று தெரியாதபோது உடம்பு முந்திக்கொண்டு பயப்படாது. வீட்டிலும் வெறும் ரவையோடு பழகவேண்டும், குழலின் மேல் ஒரு இரண்டு யூரோ நாணயக் குற்றியை வைத்து, அது விழாமல் விசையை இழுக்கவேண்டும். மற்றது, ஒவ்வொரு வெடிக்குப் பிறகும், கடதாசியைப் பார்க்கமுன்னம், துவக்கின் மேல் பூட்டியிருக்கிற தூரக்கண்ணாடிக்குள் தெரிகிற குருசுக் குறி எங்கே நின்றது என்று வாயால் சொல்லவேண்டும். கண் மூடினவளால் அதைச் சொல்லமுடியாது.

மூன்றாவது வழி என்னுடையது. கலோஜெரோவே பிறகு அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாராம். அவளை என் முதல் மெசினில் இருத்தினேன். அந்த மெசினின் மிதியை அவசரமாக அழுத்தினால் ஊசி குதிரை மாதிரிப் பாயும். வெட்டுக்கிளி பிடிக்கிறவன் போல மெல்ல மெல்ல அழுத்தினால், எந்தக் கணத்தில் முதல் தையல் விழுந்தது என்று தைக்கிறவனுக்கே தெரியாது. அந்தத் தையல்தான் நேராக விழும்.

"விசையையும் இப்பிடித்தான் அமத்தவேணும். எப்ப வெடிக்கும் எண்டு உனக்கே தெரியக்கூடாது," என்றேன்.

"பழகலாம் அண்ணை. என்ர மெசின்தானே."

எமிலியானா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் ஊசியில் நூலைக் கோத்தேன். நாலு கிழமையும் கனகேஸ்வரி வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் மிதியை மிதித்தாள். கழிவுத் தோலில் கோடு கோடாகத் தையல்.

சோதனை நாளில் நானும் எமிலியானாவும் வேலிக்கு வெளியே நின்றோம். எமிலியானா செபமாலை உருட்டினாள். நான் எதையும் உருட்டவில்லை, என் றபரில் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆனாலும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சோதிக்க வந்த அதிகாரி ஒவ்வொரு வெடிக்கும் தன் தூரக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வெடி. கனகேஸ்வரி கன்னத்தை எடுக்காமல் இத்தாலியனில் சொன்னாள்: "நடுவில், கொஞ்சம் இடது." அதிகாரி தலையாட்டினார். இரண்டாவது: "நடு." அதற்கும் தலையாட்டல். மூன்றாவது வெடிக்கு அவளே முந்திக்கொண்டாள்: "கீழே. இழுத்துவிட்டேன்." வட்டத்துக்கு வெளியேதான். இனி மிச்சம் இரண்டும் விழவேண்டும், ஒன்று தப்பினாலும் தோட்டம் போய்விடும்.

அவள் துவக்கை மேசையில் வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு மலையைப் பார்த்தாள். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. பிறகு துவக்கைத் திரும்ப எடுத்து, பிடங்கைப் பள்ளத்துக்குள் வைத்து இறுக்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். நான் அவளுடைய வலக்காலைத்தான் பார்த்தேன். விரல் விசையில் இருக்க, காலும் அவளுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல நிலத்தை மிதித்துக்கொண்டிருந்தது, என் மெசினின் மிதி அங்கே இருக்கிற மாதிரி.

நாலாவது: "நடு, வலது." தலையாட்டல்.

ஐந்தாவது வெடிக்கு எமிலியானா கண்ணை மூடிவிட்டாள். நான் மூடவில்லை. கனகேஸ்வரியும் மூடவில்லை. துவக்கு தள்ளியது, தோள் வாங்கியது, முகம் மரத்திலேயே இருந்தது. "நடு," என்றாள். அதிகாரி கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு நாலு விரலைத் தூக்கிக் காட்டினார்.

நான் வேலியில் ஏறிவிட்டேன் என்று எமிலியானா சொல்கிறாள். அறுபத்தேழு வயதில் வேலியில் ஏற முடிந்தால் அதுவும் பெருமைதான்.

அதே கிழமை வியாழக்கிழமை கனகேஸ்வரி கடைக்கு வந்தாள். சின்யோரா பத்திரம் எழுதிவிட்டார், ஆறு வருஷம். நாளைக்குக் கையெழுத்து வைக்கும்போது முற்பணம் ஆயிரத்தைந்நூறு கட்டவேண்டும்.

"என்னட்டை எண்ணூற்றி எழுபது கிடக்கு," என்றாள். பிறகு கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். "அண்ணை, இப்ப தேவை."

பதினான்கு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த சொல். எழும்பி உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். காசை ஒரு நல்ல கடித உறைக்குள் போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன்.

"உறை வேண்டாம். நான் தந்த மாதிரித் தாங்கோ. எண்ணி."

"எண்ணித்தான் வைச்சனான்."

"எனக்குத் தெரியேல்லையே."

எமிலியானா மெசினை நிற்பாட்டினாள். வேலையாட்கள் இரண்டு பேரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். கனகேஸ்வரி வலக்கையை நீட்டி விரித்தாள். கொப்பு வெட்டுகிற கத்தரி பிடித்துக் காய்த்துப்போன கை. நான் உறையைக் கிழித்தேன்.

"ஐம்பது. நூறு. நூற்றைம்பது..."

"கண்டியளோ மச்சாள், அண்ணை அங்காலை பாக்கிறார். முகத்தைத் திருப்பாமல் எண்ணுங்கோ அண்ணை."

"நான் எங்கை திருப்பினனான்?"

"அறுநூற்றி முப்பதுதான் எனக்கு வேணும். மிச்சப் பத்துக்கு எல்லாருக்கும் பனெல்லே வாங்குவம், கடலைமாப் பொரியல் எண்டால் உங்களுக்கு உயிர்தானே. எண்ணுங்கோ."

பன்னிரண்டாவது ஐம்பதையும் வைத்து, "அறுநூறு," என்றேன். ஒரு இருபதை வைத்தேன். "அறுநூற்றி இருபது." கடைசி இருபதைத் தடவி நிமிர்த்தி, அவள் கண்ணைப் பார்த்தபடி, விரித்த கையின் நடுவில் வைத்தேன்.

"அறுநூற்றி நாற்பது."